யார் சொன்னதென்று கேட்டார்கள்

"நீங்க தனியா இருக்கீங்களா மேடம்?" என்றுதான் அந்தப் பெண் போனில் பேச்சைத் தொடங்கினாள்.

தனியாகத்தான் இருந்தேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் தொழிற்சாலை ஆய்வாளர். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் அப்போது நான் ஒருத்திதான். பக்கத்து மேசைக்காரர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அவருடைய நாற்காலியில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தோம். சிமெண்ட் ஆலை, கல் உடைக்கும் கிரஷர், பருத்தி அரவை, முந்திரி கம்பெனி எல்லாம் என் கணக்கில்தான் இருந்தன.

"தனியாத்தான் இருக்கேன். சொல்லுங்க," என்றேன்.

தொண்டை கட்டின மாதிரி ஒரு குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசுகிறாள் என்று தெரிந்தது. ஆண்டிமடம் பக்கம் ஒரு முந்திரி கம்பெனியில் வேலை செய்கிறாளாம். சொந்த ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில். கம்பெனிச் சுவரில் சட்டத்தின் சுருக்கம் ஒரு தாளாக ஒட்டியிருக்கும். அதன் அடியில் ஆய்வாளரின் முகவரியும் போன் நம்பரும் இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அந்தத் தாளை யாராவது படிப்பார்கள் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

"காலையில நாங்க உள்ள போனதும் வெளிய பூட்டிடறாங்க மேடம். பருப்பு திருட்டுப் போவுதாம். சாவி மொதலாளிகிட்ட. அவரு ஜெயங்கொண்டம் போயிட்டா வர்ற வரைக்கும் பூட்டுதான்."

"உள்ளே பாய்லர் இருக்கா?"

"கொட்டை வேகவைக்கிறது இருக்குல்ல, அது உள்ளதான் ஓடுது. பொகை, ஆவி எல்லாம் உள்ளயேதான். நேத்து ஒரு அக்காவுக்கு இழுப்பு வந்து மயங்கி வுழுந்துட்டாங்க. கதவத் தட்டுறோம், தட்டுறோம், ஆளு இல்ல. ஜன்னல்ல கம்பி. அவங்கள ஜன்னலோரமா தூக்கி வச்சிக்கிட்டு முந்தானையால விசிறிக்கிட்டே இருந்தோம். மொதலாளி வந்தப்பறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பொழச்சிக்கிட்டாங்க. ஆனா ஒருநாள் இல்லன்னா ஒருநாள்..."

அத்தோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு, "எம் பேரு வெளிய வரக் கூடாது மேடம். வந்துச்சுன்னா வேல போயிடும்," என்றாள்.

"வராது," என்றேன். அவள் பெயரைக் கேட்டு, நினைவில் வைத்துக்கொண்டேன். எங்கும் எழுதவில்லை.

பணியில் சேர்ந்த புதிதில் சென்னையில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பாடம் நடத்தியவர், தொழிலாளர் ஆய்வு பற்றி உலக நாடுகள் கூடி எழுதிய ஓர் உடன்படிக்கையைப் பற்றி ஒரு மதியம் முழுக்கப் பேசினார். நம் நாடும் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்றார். ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நேரத்திலும் உள்ளே போகலாம். தேவையான எண்ணிக்கையில் ஆய்வாளர்கள் இருக்க வேண்டும். போய்வர வண்டி வசதி அரசு தர வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்பதை எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது. ஒரு புகாரின் பேரில்தான் வந்திருக்கிறோம் என்ற குறிப்பைக்கூட முதலாளிக்குக் காட்டக் கூடாது. ஏசி அறையில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது நிஜம். அப்போது எனக்கு வயது குறைவு.

இவ்வளவு வருஷத்தில் அந்த உடன்படிக்கையில் என் கையில் மிச்சம் இருந்தது அந்தக் கடைசி ஒன்றுதான். ஆட்கள் எண்ணிக்கை எங்கள் அலுவலக நாற்காலியிலேயே தெரியும். ஜீப் ஷெட்டில் நின்றது, பெரும்பாலும் பஸ்தான். முன்னறிவிப்பு இல்லாமல் போவது என்பதும் மாறிவிட்டது. எந்தக் கம்பெனிக்கு எப்போது போக வேண்டும் என்று இப்போது கணினி ஒதுக்குகிறது. அதற்கு வெளியே போவதென்றால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

மேலதிகாரி திருச்சியில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னைப் போலவே களைத்தவர்.

"மொட்டைப் புகாரா?"

"இல்ல சார். ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். எழுத்துல வராது."

"எழுத்துல இல்லாம நான் எதை வச்சு அனுமதி குடுக்கறது?"

"ஒரு பொம்பள மயங்கி விழுந்திருக்காங்க சார். உள்ள பாய்லர் ஓடுது. வெளிய பூட்டு."

"அந்தப் பக்கம் இருக்கற முந்திரி கம்பெனி எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க. பொதுவான பாதுகாப்பு ஆய்வுன்னு போட்டுக்கறேன்," என்றார்.

நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன். ஒரு கம்பெனிக்கு மட்டும் போனால் யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். அந்தச் சாலையில் இருக்கும் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினால் சந்தேகம் வராது. ஆனால் அதில் ஒரு கஷ்டம் உண்டு. முதல் கம்பெனியில் நான் கால் வைத்ததுமே மற்ற முதலாளிகளுக்குப் போன் போய்விடும். சொன்னவரைக் காப்பாற்றலாம், அல்லது தப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை.

அப்படியே நடந்தது. வெயிலில் இரண்டு கம்பெனிகளைப் பார்த்துவிட்டு அங்கே போனபோது கேட் விரியத் திறந்து கிடந்தது. கட்டடத்தின் பெரிய கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு செங்கல் வைத்திருந்தார்கள். முதலாளி என்னைவிட வயதில் சிறியவர். இளநீரோடு வாசலிலேயே நின்றார்.

"வாங்க மேடம், வாங்க. வெயில்ல வந்துருக்கீங்க."

இளநீர் வேண்டாம் என்று சொல்லி உள்ளே போனேன். முந்திரிக்கொட்டையை வேகவைத்து, காலால் மிதிக்கும் மிஷினில் வைத்து உடைப்பார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் கருகிவிடும். அதற்காகப் பெண்கள் கையில் விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உட்காருவது வழக்கம். அன்று எல்லோர் கையிலும் புத்தம் புதிய கையுறை. அதைப் போட்டுக்கொண்டு கொட்டையைப் பிடிக்கத் தெரியாமல் தவித்தார்கள். கொட்டை நழுவி நழுவி விழுந்தது.

"கதவு எப்பவும் தொறந்துதான் இருக்குமா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

யாரும் நிமிரவில்லை. பருமனான ஒரு அம்மாள், நெஞ்சில் வீசிங் சத்தம் எனக்கே கேட்டது, "தொறந்துதாங்க இருக்கும்," என்றாள். மயங்கி விழுந்தவள் இவளாகத்தான் இருக்க வேண்டும். பருப்பை ரகம் பிரிக்கும் பலகையில் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண்ணிடம், "ஒடம்புக்கு ஏதும் பிரச்சனை உண்டா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க, நல்லாருக்கோம்," என்றாள். தொண்டை கட்டின குரல். அதற்குப்பின் நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கும்போது கழுத்து எவ்வளவு வலிக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வெளியேறும் வழியை எப்போதும் பூட்டாமல் வைக்க வேண்டும், பாய்லர் புகை வெளியே போகக் குழாய் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். முதலாளி கேட் வரை வந்தார்.

"யாரு மேடம் போட்டுக் குடுத்தது?"

"யாரும் இல்ல. இந்த ரோட்டுல எல்லாக் கம்பெனியும் பாக்கறோம்."

"சும்மா சொல்லுங்க மேடம். நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"ஆய்வுக்கு வர்றது எங்க வேலைங்க. அவ்வளவுதான்."

சிரித்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பருமனான அம்மாள் அரியலூர் அலுவலகத்துக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. காலியான நாற்காலியிலிருந்து கோப்புகளை இறக்கி வைத்து உட்காரச் சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"என்னைய வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. மயக்கம் போட்டு வுழுந்தவ நான். அதனால நாந்தான் ஒங்களுக்குச் சொன்னேன்னு நெனைக்கிறாரு. நான் சொல்லலன்னு ஒங்களுக்குத் தெரியுமுல்ல?"

தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"ஒரே ஒரு வார்த்த, அந்த மனுசன்கிட்ட சொல்லுங்க மேடம். இந்தப் பொம்பள சொல்லலன்னு. அது போதும்."

இந்த இடத்தை எப்படி விளக்குவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. 'இவள் சொல்லவில்லை' என்று நான் சொன்ன அடுத்த நொடி, வேறு யாரோ சொன்னார்கள் என்று ஆகிவிடும். புகார் என்று ஒன்று வந்ததே அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு அங்கே இருக்கிற பெண்களை ஒவ்வொருத்தியாக விலக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். சொல்லாவிட்டால் ஒரு தப்பும் செய்யாத இவள் வீட்டில் உலை ஏறாது. இவளோ எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

"அது சாதாரண ஆய்வுதாம்மா. அவர்கிட்டயும் அதையேதான் சொல்லியிருக்கேன். காரணம் இல்லாம நிறுத்தினதுக்கு நீங்க மனு குடுக்கலாம். நானே எழுதித் தரேன், தொழிலாளர் ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மனுவ வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? அப்ப யாருதான் சொன்னா?"

ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்து கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஒங்களுக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டீங்க," என்றாள் மெதுவாக.

நான் மேசையைப் பார்த்தேன்.

"அப்ப நாளைக்கு நானே ஏதாச்சும் சொன்னாலும் எம் பேரயும் சொல்ல மாட்டீங்க. அப்படித்தான?"

"சொல்ல மாட்டேன்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்படின்னா கேட்டுக்குங்க. நீங்க வந்துட்டுப் போன மறுநாளே பூட்டிட்டாங்க. கையுறையெல்லாம் வாங்கி மூட்டையில போட்டுட்டாங்க. எனக்கு வேலதான் போயிடுச்சு. உள்ள இருக்கறவளுவ என்ன ஆவுறது?"

அவள் படியிறங்கிப் போவதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியைப் பிடித்து நின்று நின்று இறங்கினாள்.

இந்த முறை திருச்சிக்குப் போன் செய்தபோது நான் அதிகம் பேசவில்லை. எழுதிக் கொடுத்த உத்தரவு நிறைவேறியதா என்று பார்க்க மறு ஆய்வு என்றேன். அவரும் அதிகம் கேட்கவில்லை. "போய்ட்டு வாங்க. பாத்து," என்றார்.

முதல் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து ஆண்டிமடம் பஸ் பிடித்து, வழியில் எங்கும் இறங்காமல் நேராக அங்கே போய் நின்றேன். வாட்ச்மேன் என்று யாரும் இல்லை. கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு போனேன். பெரிய கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே மிஷின்கள் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பி வழியே ஆவி வெளியே வந்தது. கிட்டே போனதும் கண் எரிந்தது.

கதவைத் தட்டினேன். மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"யாரு?" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

"பேக்டரி இன்ஸ்பெக்டர். கதவத் தொறங்க."

"எங்ககிட்ட சாவி இல்லீங்க."

"யார்கிட்ட இருக்கு?"

உள்ளே யாரோ இருமினார்கள். பூட்டையும் ஜன்னலையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். முதலாளிக்குப் போன் செய்தேன். "இதோ வந்துட்டேன் மேடம்," என்றார். வரும் வரை நான் கதவுக்கு இந்தப் பக்கமும் அவர்கள் அந்தப் பக்கமும் நின்றோம். பாய்லரை அணைத்துவிடச் சொன்னேன். அணைத்தார்கள். ஒருத்தி ஜன்னல் கம்பிக்கு நடுவில் கையை நீட்டி, "தண்ணி வெளிய இருக்குது மேடம், அந்தக் கொடத்துலருந்து மொண்டு குடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். குடத்திலிருந்து ஒரு சொம்பில் மொண்டு மொண்டு கொடுத்தேன். சொம்பு கம்பிக்குள் நுழையாததால் கையைக் குவித்து வாங்கிக் குடித்தார்கள். எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த கைகள். என் வேலையில் நான் செய்தவற்றில் உருப்படியான காரியம் அதுதானோ என்று அப்போது தோன்றியது.

முதலாளி பைக்கில் வந்து இறங்கினார். இம்முறை இளநீர் இல்லை. கதவைத் திறந்துகொண்டே என்னைப் பார்க்காமல் பேசினார். "தெரியும் மேடம். அந்த வீசிங்காரி ஒங்க ஆபீஸ் படி ஏறுனதைப் பாத்தவங்க இருக்காங்க. மொதத் தடவயும் அவதான், இப்பவும் அவதான். நன்றி கெட்ட சென்மம்."

இரண்டாம் தடவை பற்றி அவர் சொன்னது உண்மை. முதல் தடவை பற்றிச் சொன்னது பொய். எது எது என்று தெரிந்த நான் எப்போதும்போல், "யாரும் சொல்லலீங்க, மறு ஆய்வு," என்றேன். அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்திருந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து காற்றுக்கு நின்றார்கள். ஒல்லியான பெண் கடைசியாக வந்தாள். முதலாளி பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தக்கா சொல்லல. மொதத் தடவ போன் பண்ணது நானு."

நான் தடுக்க வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"செவத்துல நம்பரு எழுதியிருந்துச்சு. அதப் பாத்துதான் பண்ணேன். அந்தக்கா ஒம் பேர்ல ஒரு வார்த்த சொல்லல. செத்துப் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப? அவங்களப் போயி வேலய வுட்டு நிறுத்தியிருக்க."

அதுவரை 'மொதலாளி' என்று கூப்பிட்டவரை அவள் ஒருமையில் பேசியதை எல்லோரும் கவனித்தார்கள். முதலாளி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் போனில் கொடுத்த வாக்கையும், கழுத்து வலிக்கத் திரும்பிக்கொண்டு நின்றதையும் அவள் ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள். எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று நினைவில்லை. அங்கே இருந்த ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வாக்குமூலம் எழுதினேன். அவளும் இன்னும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களை வற்புறுத்தவில்லை. அவர்கள் நிலையில் நானும் தரையைத்தான் பார்த்திருப்பேன்.

வழக்குப் போட்டோம். வாய்தா மேல் வாய்தாவாக ஓடியது. வரதராஜன்பேட்டையிலிருந்து அவளும் ஒவ்வொரு தடவையும் வந்தாள். கோர்ட் வேப்பமரத்தடியில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் மட்டும், "ஒங்களுக்கு இது புடிச்ச வேலையா மேடம்?" என்று கேட்டாள். "புடிச்சுதான் வந்தேன்," என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. கடைசியில் முதலாளி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போனார். அந்தத் தொகை, கோர்ட்டுக்கு அவர் வந்த காரின் ஒரு டயர் விலைகூட இருக்காது.

ஆனால் கதவு மாறியது. உள்ளே தாழ்ப்பாளும், பின்பக்கம் இன்னொரு வழியும் போட்டார்கள். பாய்லரை வெளியே தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். வீசிங்கார அம்மாளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சமயம் முந்திரி வரத்து அதிகம், ஆள் பற்றாக்குறை. அதுவும் ஒரு காரணம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மடியை உதறிக் காட்டச் சொல்லும் வழக்கத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. நான் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். நான் போகும் நாளில் அது நடக்காது.

ஒல்லியான பெண்ணை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் மறுபடி வந்து நிற்பேன் என்று முதலாளிக்குத் தெரியும். ரகம் பிரிக்கும் பலகையிலிருந்து அவளை எழுப்பி, கொட்டை உடைக்கும் மிஷினில் போட்டார்கள். எந்த வேலைக்கு யாரை உட்கார வைப்பது என்பது முதலாளியின் உரிமை. அதைத் தப்பு என்று எழுத எந்தச் சட்டத்திலும் எனக்கு இடம் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன். உலக உடன்படிக்கையையும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். கைத்தோல் உரிய உரிய அந்த சீசன் முடியும் வரை உடைத்துவிட்டு, அவளாகவே நின்றுவிட்டாள்.

ரொம்ப நாள் கழித்து, பெரம்பலூரில் ஒரு கிரஷரைப் பார்த்துவிட்டு அரியலூர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். தலையெல்லாம் கல்தூசி. வழியில் ஏறியவள் என் பக்கத்து இடம் காலியாக இருப்பதைப் பார்த்து உட்கார வந்து, முகத்தைப் பார்த்ததும், அதே தொண்டை கட்டின குரலில் "மேடம்!" என்றாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. டவுன் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாளாம். வீசிங்கார அக்காவிடம் அடிக்கடி பேசுவாளாம். "கதவு தொறந்தே கெடக்குதாம் மேடம். ஆடு உள்ள வந்துடுதுன்னு அக்கா வையுது," என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"இங்க எப்படி?"

"கதவெல்லாம் தள்ளுனா தொறக்குது. ஆனா பாத்ரூம் போவணும்னா டோக்கன் வாங்கணும். ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்தான்." பிறகு சட்டென்று என் கையைத் தொட்டாள். "புகாருன்னு எடுத்துக்காதீங்க மேடம். சும்மா சொன்னேன்."

"சரி," என்றேன்.

அவள் கையைப் பார்த்தேன். தோல் புதிதாக வளர்ந்திருந்தது. விரல் நுனிகளில் மட்டும் பழைய கருப்பு போகவில்லை. ஷிப்டு முடிந்து வருகிறவள். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. கொஞ்ச தூரத்தில் தலை என் தோளில் சாய்ந்தது. எனக்கும் தூக்கம் வந்தது. ஆனால் இருவரும் தூங்கிவிட்டால் அவளை எழுப்ப ஆள் இல்லை என்று விழித்துக்கொண்டே வந்தேன்.